ட்ரெய்னர் வேண்டுமா, எத்தனை நாளைக்கு?

ஜிம்மில் சேரப் பணம் கட்டிய கையோடு கவுன்ட்டரில் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: “பி.டி. போட்டுக்கிறீங்களா?” பி.டி. என்றால் பர்சனல் ட்ரெய்னர். மாதத்துக்கு இத்தனை வகுப்பு என்று பேசிக்கொண்டு, அந்த ஒரு மணி நேரமும் நமக்காகவே நிற்கும் ஆள். நகரத்து ஜிம்களில் இதற்கான கட்டணம் சந்தாவைப் போலப் பல மடங்கு. பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். தண்டால் எடுப்பவரையும் கர்லாக்கட்டை சுற்றுபவரையும் அவரே அதட்டித் திருத்துவார். இன்று அந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஃப்ளோர் ட்ரெய்னர் ஒருவர். காசு கொடுத்தவருக்கு மட்டுமான பி.டி. இன்னொருவர். வேண்டுமா வேண்டாமா என்ற முடிவைப் பெரும்பாலோர் ட்ரெய்னரின் புஜத்தைப் பார்த்தோ தங்கள் பர்ஸைப் பார்த்தோ எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் நிற்பதால் பயிற்சி செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை உடற்பயிற்சி அறிவியலாளர்கள் கால் நூற்றாண்டாக அளந்து வருகிறார்கள். அந்த அளவீடுகளைச் சேர்த்துப் படித்தால், ட்ரெய்னர் பலன் தருவது உண்மை என்று தெரிகிறது. அந்தப் பலனில் பெரும்பகுதி நாமே கற்றுக்கொண்டு வெளியேறிவிடக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பதும் தெரிகிறது.

பிரேசிலில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே பளு தூக்கிப் பழகிய 160 ஆண்களிடம், பெஞ்ச் பிரஸ்ஸில் பத்து முறை தூக்குவதற்கு வழக்கமாக எவ்வளவு எடை போடுவீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன அதே எடையைக் கொடுத்து, இனி முடியாது என்கிற வரை தூக்கச் சொன்னார்கள். சராசரியாகப் பதினாறு முறை தூக்கினார்கள். இருபதை நெருங்கியவர்களும் தாண்டியவர்களும் கணிசம். பத்தோடு நிறுத்தியது கை அல்ல, பழக்கம். அமெரிக்காவில் பெண்களிடம் நடந்த வேறொரு ஆய்வு இதே விஷயத்தை ட்ரெய்னரோடு சேர்த்துப் பார்த்தது. ஒருவர் ஒரே ஒருமுறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையை நூறு என்று வைத்துக்கொண்டால், ட்ரெய்னரிடம் பயிற்சி பெற்றிருந்த பெண்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த எடை சராசரியாக 51. ட்ரெய்னர் இல்லாமல் பயிற்சி செய்தவர்கள் தேர்ந்தெடுத்தது 42. இரண்டு குழுவுமே தங்களால் முடிந்ததைவிடக் குறைவாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தது, ஒரு குழு கொஞ்சம் கூடுதல் துணிச்சலோடு. 2000ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சோதனை இன்னும் நேரடியானது. ஓரளவு பழக்கமுள்ள இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, இரு குழுவுக்கும் ஒரே பயிற்சித் திட்டத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் பக்கத்தில் ஆள். முடிவில் ஸ்குவாட்டிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் அந்தக் குழுவின் வலிமை அதிகம் கூடியிருந்தது. தாளில் இருந்த திட்டம் ஒன்றுதான். ஆள் நின்ற குழு வாரா வாரம் எடையை வேகமாக ஏற்றியிருந்தது.

எடையை ஏற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடலியலில் தெளிவான விடை உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், பலவீனமான தசைக்கு இலேசான எடையை நிறைய முறை கொடுக்கும் அன்றைய வழக்கத்தைக் கைவிட்டார். கனமான எடை, குறைந்த முறை, தசை பழகப் பழக மேலும் எடை என்று மாற்றினார். 1945இல் அவர் வெளியிட்ட இந்த முறைதான் இன்று உலகத்து ஜிம்களின் அடிப்படை. தசையை இயக்கும் நரம்பணுக்களில் சிறியவை முதலில் வேலைக்கு வரும். சுமையோ களைப்போ ஏறினால்தான் பெரியவை எழுந்து வரும். அந்தப் பெரிய நரம்பணுக்களின் கீழ் உள்ள இழைகள்தான் அதிக விசை தருபவை, அதிகம் வளரக்கூடியவை. பாதியில் நிறுத்தினால் அவற்றுக்கு வேலையே வருவதில்லை. இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பழக்கமுள்ள இளைஞர்களை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், உச்ச எடையில் பாதியோ அதற்கும் குறைவோ தூக்கியவர்களுக்கும் முக்கால் பங்குக்கு மேல் தூக்கியவர்களுக்கும் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. இரு சாராரும் இனி முடியாது என்கிற எல்லை வரை போனதுதான் அங்கே நிபந்தனை. ஆகவே இலேசான எடை குற்றமில்லை. எல்லைக்கு வெகுதூரம் முன்பே நிறுத்துவதுதான் வீண். புதிதாக வருபவருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தசை எரிவதையும் மூச்சு வாங்குவதையும் ‘முடியாது’ என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர், பளுக்கம்பி மேலே போகும் வேகத்தைப் பார்த்து, “இன்னும் மூணு இருக்கு” என்கிறார். ட்ரெய்னரின் மந்திரம் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு பெரிய மந்திரம்? மேற்பார்வை உள்ள பயிற்சியையும் இல்லாத பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ஓர் அலசல் வந்தது. வலிமையில் மேற்பார்வைக்குச் சாதகமான வித்தியாசம் உண்டு, ஆனால் அது சிறியதிலிருந்து நடுத்தரம் வரைதான். உடலின் கொழுப்பு, தசை விகிதத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. தனித்தனி ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவுகளும் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் முப்பது வயதைத் தாண்டிய ஜிம் உறுப்பினர்களிடம் பன்னிரண்டு வாரம் நடந்த சோதனையில், ட்ரெய்னர் வழிநடத்தியவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 1.3 கிலோ கூடியது. தாங்களாகச் செய்தவர்களுக்கு மாற்றமில்லை. ஆனால் முப்பத்து நான்கே பேர் கலந்துகொண்ட சோதனை அது. தொகுப்பின் சொல்லுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். தொப்பையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே பி.டி. போடுகிறவர்கள் நம்மிடையே மிகுதி. அவர்கள் தேடுவதில் பெரும்பங்கு சமையலறையில் தீர்மானமாகிறது. ட்ரெய்னரின் கை அங்கே அதிகம் நீளாது.

சரி, வலிமையில் கிடைக்கும் அந்த வித்தியாசம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு வருடக்கணக்கில் ஆள் வேண்டுமா? இங்கேதான் கற்றல் பற்றிய ஆராய்ச்சி உதவிக்கு வருகிறது. 1990இல் விண்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கை அசைவு ஒன்றைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் எவ்வளவு பிசகியது என்று சொல்லப்பட்டது. மற்றக் குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் முதலில் அடிக்கடியும் போகப் போகக் குறைத்தும் சொல்லப்பட்டது. பயிற்சியின்போது இரண்டு குழுவும் ஒன்றுபோலவே செய்தன. மறுநாள் யாரும் எதுவும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது, குறைவாகத் திருத்தப்பட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். ஓயாத திருத்தம் ஊன்றுகோலாகிவிடுகிறது: மூளை தன் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் செய்திகளைக் கேட்பதை விட்டுவிட்டு வெளியிலிருந்து வரும் குரலுக்குக் காத்திருக்கிறது. எப்போது திருத்தம் வேண்டும் என்பதைக் கற்பவரே முடிவு செய்யும்போது கற்றல் மேம்படுகிறது என்று பின்னால் வந்த சில சோதனைகள் சொல்கின்றன. நம் ஜிம்களில் நடப்பதைப் பாருங்கள். எந்த எடை, எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு எல்லாவற்றையும் ட்ரெய்னரே முடிவு செய்கிறார், தட்டுகளை அவரே மாட்டுகிறார், எண்ணுவதும் அவரே. இரண்டு வருடம் பி.டி. எடுத்த ஒருவரிடம் போன வாரம் ஸ்குவாட்டில் எவ்வளவு எடை போட்டீர்கள் என்று கேட்டால் பதில் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்வதும் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்வதும் வேறு வேறு. முதலாவதற்குப் பணம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

உடலின் கால அட்டவணையும் இதற்கு ஒத்துவருகிறது. மொரிட்டானி, டிவ்ரீஸ் இருவரும் 1979இல் காட்டியபடி, முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி தசை பெருப்பதால் வருவதில்லை. இருக்கிற தசையை நரம்பு மண்டலம் திறமையாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. அதாவது தொடக்க காலம் ஒரு கற்றல் காலம். ஆசிரியருக்கு மதிப்பு மிகுந்த காலமும் அதுவே. நெதர்லாந்தில் வாரம் ஒருமுறை, மேற்பார்வையோடு, இயந்திரங்களில் பயிற்சி செய்த 14,690 பேரின் பதிவுகளை அலசியபோது, முதல் வருடத்தில் வலிமை 30 முதல் 50 சதவீதம் வரை உயர்ந்து, அதன்பின் ஏறக்குறைய சமதளமாகிவிட்டது தெரிந்தது. மேற்பார்வை தொடர்ந்தது, வளர்ச்சி அதே வேகத்தில் தொடரவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: “எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஆள் காத்திருந்தால்தான் போவேன்.” மனிதர்கள் தங்கள் வருங்கால உற்சாகத்தை எவ்வளவு தப்பாகக் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு ஜிம்மைவிட நல்ல சான்று பொருளியலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும் மூன்று அமெரிக்க ஜிம்களின் 7,752 உறுப்பினர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும். ‘காசு கட்டிவிட்டால் போய்விடுவேன்’ என்ற நம்பிக்கை எத்தனை பலவீனமானது என்பது இதிலிருந்தே விளங்கும். ஆள் காத்திருப்பது பணத்தைவிட வலுவான கட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டு அவிழ்ந்தபின் என்ன நடக்கிறது? பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு மாதம் ஜிம்முக்கு வரவழைத்த சோதனையில், பணம் நின்ற பிறகும் பலர் தொடர்ந்து வந்தார்கள். அதே போன்ற இன்னொரு சோதனையில், குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பியதும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. வெளியிலிருந்து வரும் உந்துதல் பழக்கத்தைத் தொடங்கிவைக்கும், காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. தவிர, வருகைக்கான காவலாளியாக மட்டும்தான் ட்ரெய்னர் வேண்டும் என்றால் அதே வேலையைச் செய்ய ஒரு நண்பர் போதும், முடிந்தால் நம்மைவிடக் கொஞ்சம் வலுவானவர். ஓட்டோ கோலர் 1920களில் பெர்லின் படகோட்டிகளிடம் கண்டதும், பின்னாளில் உடற்பயிற்சி ஆய்வுகளில் மீண்டும் கண்டதும் இதுதான்: சற்று மேலான துணையோடு சேர்ந்து செய்யும்போது பலவீனமானவர் தனியாகச் செய்வதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார். துணை மிக மேலானவராக இருந்தால் அந்த ஊக்கம் குறைந்துவிடுகிறது. மேடையேறும் உடம்பு கொண்ட ட்ரெய்னரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு, அடிபடும் என்ற பயம். ஜிம்மின் விற்பனைப் பேச்சில் இது முக்கியமான வரி. ஆனால் பளுப் பயிற்சிகளில் ஏற்படும் காயங்களைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, உடல் கட்டமைப்புப் பயிற்சியில் 1000 மணி நேரத்துக்கு 0.24 முதல் 1 காயம் வரைதான். வாரம் மூன்று மணி நேரம் செய்பவர் 1000 மணி நேரத்தைத் தொட ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். போட்டியாகப் பளு தூக்குபவர்களுக்கு விகிதம் கூடுதல். குழு விளையாட்டுகள் பலவற்றில் இன்னும் கூடுதல். உண்மையான ஆபத்து பெரும்பாலும் அளவில் இருக்கிறது, தோரணையில் அல்ல. பழகாத தசையை முதல் நாளே கசக்கிப் பிழிந்தால் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் உள்ளடக்கம் ரத்தத்தில் கலந்து, சிறுநீர் கோலா நிறத்துக்கு மாறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகின்றன. அவற்றில் ட்ரெய்னரோ வகுப்பு ஆசிரியரோ முன்னின்று நடத்திய பயிற்சிகளும் உண்டு. முதல் வகுப்பிலேயே படியிறங்க முடியாதபடி செய்துவிடுவதைத் திறமையாக எண்ணும் ட்ரெய்னர்களும், அந்த வலியைக் கொடுத்த காசுக்குக் கிடைத்த ரசீதாக எண்ணும் வாடிக்கையாளர்களும் சேர்ந்தால் விளைவு இப்படித்தான் இருக்கும். ஆகவே பாதுகாப்புக்கு ட்ரெய்னர் வேண்டும் என்று சொல்வதானால், முதல் மூன்று வாரம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறவரைத்தான் அந்தச் சொல் குறிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பிடம் நான் பணிந்துபோகிறேன். அறுபதைக் கடந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நடப்பவர்கள் ஆகியோருக்கு மேற்பார்வை வேறு தகுதி பெறுகிறது. முதியோருக்கான சமநிலை, வலிமைப் பயிற்சிகளை ஒப்பிட்ட தொகுப்பாய்வு மேற்பார்வைக்கே சாதகமாக முடிந்தது. இதைவிட வலுவானது ஆஸ்திரேலியாவில் எலும்பின் அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் நடந்த சோதனை. வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதம். உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல், அத்துடன் குதித்து இறங்கும் பயிற்சி. எந்த மருத்துவரும் முன்பு கேட்டால் பதறியிருப்பார். பயிற்சி செய்தவர்களின் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் உயர்ந்தது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இந்தச் சோதனையில் ஒவ்வொரு வகுப்பும் தேர்ந்த மேற்பார்வையில் நடந்தது. அது இல்லாமல் இதை வீட்டில் முயன்று பார்க்க யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தகையவர்களுக்கு நீண்டகாலத் துணை ஆடம்பரம் இல்லை. அந்தத் துணை இயன்முறை மருத்துவராகவோ அவரோடு பேசி வேலை செய்யும் ட்ரெய்னராகவோ இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பி.டி. விற்பனை பெரும்பாலும் இவர்களைத் தேடிப் போவதில்லை. இருபத்தைந்து வயதுக்காரரைத்தான் துரத்துகிறது.

யூடியூப் இருக்கும்போது ட்ரெய்னர் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை: காணொலி நமக்குக் காட்டும், நம்மைப் பார்க்காது. நம் செல்பேசியைத் தரையில் சாய்த்து வைத்து நம்மையே படம்பிடித்துப் பார்த்தால் அந்தக் குறை பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் ஆள்.

அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அனுபவத்தைப் பார் என்பார்கள். தென் கலிபோர்னியாவில் 115 ட்ரெய்னர்களுக்குத் தேர்வு வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. உடற்பயிற்சி அறிவியலில் பட்டமும் தரமான இரு அமைப்புகளின் சான்றிதழும் அறிவைக் காட்டின. எத்தனை வருட அனுபவம் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. இந்தியாவில் ட்ரெய்னராக வேலை செய்ய உரிமம் ஏதும் தேவையில்லை. விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கான திறன் மேம்பாட்டுக் குழு ஒன்று தகுதி வரையறை வைத்திருக்கிறது, ஆனால் அது கட்டாயம் அல்ல. ஆகவே எந்தச் சான்றிதழ், எத்தனை மாதப் படிப்பு என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. புரோட்டீன் பவுடர் டப்பாவைச் சிபாரிசு செய்யும்போது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு பற்றிய தகவல் தவறாக இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தது. பயிற்சி சொல்லித்தருபவரே டப்பாவுக்குக் கமிஷன் வாங்கினால் எந்த வாக்கியம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது.

இனி ஒப்பந்தம். வகுப்புகளின் எண்ணிக்கையில்தான் ட்ரெய்னரின் வருமானமும் ஜிம்மின் பங்கும் இருப்பதால், நாம் சீக்கிரம் கற்றுக்கொள்வது இருவருக்கும் நட்டம். இதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்பாட்டை நாம்தான் மாற்றிக் கேட்க வேண்டும். முதல் மாதம் வாரம் இருமுறை, இரண்டாம் மாதம் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம் இரண்டே இரண்டு வகுப்பு, அதன்பின் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு என்று குறைத்துக்கொண்டே போகும் கணக்கு கற்றல் ஆராய்ச்சியோடு பொருந்துகிறது. எடைகளை எழுதிவைக்கும் நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து அடுத்த எடை என்ன என்பதை முதலில் நாம் சொல்லி, அவர் திருத்தட்டும். பல ஜிம்கள் இதற்கு இடம் தருவதில்லை. பன்னிரண்டு வகுப்பை ஒரே மாதத்துக்குள் முடிக்காவிட்டால் காலாவதி என்பார்கள். அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது. பிரேசிலில் பயிற்சி இல்லாத 124 இளைஞர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒரு பகுதியினருக்கு ஐந்து பேருக்கு ஒரு ட்ரெய்னர், மறு பகுதியினருக்கு இருபத்தைந்து பேருக்கு ஒருவர். பதினோரு வாரத்தில் பெஞ்ச் பிரஸ் வலிமை முதல் பகுதியினருக்குச் சுமார் 16 சதவீதமும் மற்றவர்களுக்குச் சுமார் 10 சதவீதமும் உயர்ந்தது. தனி ஆள் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கூட்டம் குறைந்ததே போதுமாயிருந்தது. மாலை ஏழு மணிக்கு நம் ஜிம்கள் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். காலை பதினொன்றுக்கோ பிற்பகல் மூன்றுக்கோ போக முடிகிறவர்களுக்கு, சந்தாவிலேயே சம்பளம் அடங்கிய ஃப்ளோர் ட்ரெய்னர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவார்.